வெளுத்த மூக்கு

எங்கள் நாய் ஜிம்மிக்கு நல்ல கறுப்பு மூக்கு. அது வெளுக்கத் தொடங்கியதை முதலில் கவனித்தவள் அத்தைதான். மூக்கின் சொரசொரப்பு போய் வழவழப்பானது. பிறகு சாம்பல் நிறமாகி, ரோஸ் நிறமாகி, ஓரங்களில் பொருக்குத் தட்டிப் புண்ணானது. மீன் தலையைக்கூட முகர்ந்துவிட்டு விலகிப் போகும்.

அப்பாவின் தங்கையான அத்தை, கல்யாணம் செய்துகொள்ளாமல் தூத்துக்குடியில் எங்களோடுதான் இருந்தாள். சிறு வயதிலேயே அவள் கைகளில் வெண்புள்ளிகள் படர்ந்திருந்தன. ஜிம்மிக்குச் சோறு பிசைந்து வைப்பதும் அவள்தான். அதை வைத்துத்தான் பக்கத்து வீட்டுக்காரி என்னிடம் ஆரம்பித்தாள்.

“ஏளா, உங்க அத்தை கையால தின்னுதானே நாய்க்கும் ஒட்டிருக்கு? வீட்ல பச்சப்பிள்ள இருக்கு, பாத்துக்கோ.”

என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. நான் பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை பிடித்தேன். கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அத்தை காதிலும் அது விழுந்தது. அன்றிலிருந்து ஜிம்மிக்குக் கரண்டியால் சோறு போட்டாள்.

நான் வேலை பார்க்கும் கப்பல் ஏஜென்சியில் லீவு சொன்னேன். அத்தையும் நானும் ஜிம்மியை ஆட்டோவில் ஏற்றிக் கால்நடை மருத்துவரிடம் போனோம். மரத்துப்போக ஊசி போட்டு, மூக்கோரத்தில் துணுக்குத் தோல் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் மறுபடி வரச்சொல்லி விளக்கினார். இது கிருமியால் வந்ததில்லை. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே சொந்தத் தோலைத் தாக்குகிறது. லூபஸ் என்று பெயர். முழுதாகத் தீராது, மருந்தில் அடங்கும். வெயில் படக் கூடாது.

நான் எழுந்தேன். அத்தை எழவில்லை. முந்தானைக்குள் இருந்த கைகளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“எங்கிட்ட இருந்து ஒட்டிருக்குமோ டாக்டர்?”

அவளும் அதை நம்பியிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“இல்லம்மா. இதுவும் ஒட்டாது, உங்க கையில இருக்கதும் ஒட்டாது.”

“சின்னப் பிள்ளைகளுக்கு?”

“யாருக்கும் ஒட்டாதுன்னு சொல்லுதேன்லா.”

களிம்பு தடவி, பகலில் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்ததில் புண் ஆறியது. கறுப்பு முழுதாகத் திரும்பவில்லை. ஆனாலும் ஜிம்மி இன்னும் சில வருடங்கள் நன்றாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி கடைசிவரை நம்பவில்லை. அத்தையும் இப்போது இல்லை. பள்ளிக்குப் போகும் என் மகளுக்கு இதெல்லாம் நினைவிருக்க வாய்ப்பில்லை.

எனக்கு நினைவிருப்பது மருத்துவரிடமிருந்து திரும்பிய அந்த மதியம். அதுவரை அத்தை என் மகளுக்கு ஸ்பூனில்தான் ஊட்டுவாள். சுத்தம் பார்க்கிறாள் என்றே நினைத்திருந்தேன். அன்று கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். மீன்குழம்புச் சோற்றை விரல்களால் பிசைந்து, முள் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, சின்ன உருண்டையாக உருட்டினாள். ஊட்டுவதற்கு முன் ஒருமுறை என்னைப் பார்த்தாள்.

“குடுங்கத்தை” என்றேன்.