ஒரு கையால் மடிக்கிற வண்டி

குழந்தையின் அம்மாவுக்கு அவள் அக்கா, அப்பாவுக்கும் அக்கா, கீழே வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலருக்கும் அக்கா. ஒன்றே முக்கால் வயதுக் குழந்தைக்கு மட்டும் அந்த 'அ' இன்னும் வாயில் வரவில்லை. 'க்கா' என்று கூப்பிடும். அக்கா பதிலுக்கு அதைச் 'சுண்டெலி' என்பாள்.

பதினோரு வருடமாக அடுத்தவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதுதான் அக்காவின் வேலை. சுண்டெலி ஐந்தாவது. முதல் நான்கும் இப்போது பள்ளிக்கூடப் பையைச் சுமந்துகொண்டு அவளை உரசிக்கொண்டு போகும், அடையாளம் தெரியாது. அதில் அவளுக்கு வருத்தம் எதுவும் இல்லை, தொழில் அப்படி. தன் சொந்த மகளை மூன்று வயதில் தங்கை வீட்டில் விட்டுவிட்டு இந்த ஊருக்கு வந்தவள் அவள். பேருந்தில் ஆறு மணி நேரம். மகளுக்கு இப்போது பதினான்கு.

குழந்தையின் அப்பாவுக்கு வெளிநாட்டில் மூன்று வாரம் பயிற்சி என்று முடிவானபோது, குடும்பத்தோடு போவதாக ஏற்பாடு. சமையலறை வாசலில் நின்று குழந்தையின் அம்மா அந்தச் செய்தியைச் சொன்னார்.

"அக்கா, நீங்களும் எங்ககூட வர்றீங்க. நீங்க இல்லாம என்னால ஒரு நாள் முடியுமா, சொல்லுங்க?"

அக்கா கையிலிருந்த பால் புட்டியைக் கழுவுவதை நிறுத்தவில்லை. ஆனால் அன்றைக்கு அதை மூன்று தடவை கழுவினாள்.

பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தார்கள். ஒரு மாதத்தில் வந்தும் விட்டது. அதில் இருந்த புகைப்படத்தைப் பார்த்து, "திருடி மாதிரியே இருக்கேன்" என்று காவலரிடம் சொல்லிச் சிரித்தாள். மகளுக்கு போன் செய்து சொன்னதும் அந்தப் பக்கம் ஒரே கூச்சல். "ஜன்னல் சீட் கேளும்மா! எனக்கு மேகத்த போட்டோ எடுத்து அனுப்பு!" தங்கை போனை வாங்கி, "இவ க்ளாஸ் பூரா தம்பட்டம் அடிச்சிடுவா, பாரு" என்றாள்.

பயணத்துக்கு முன்னால் ஒரு புது வண்டி வாங்க வேண்டியிருந்தது. வீட்டில் இருந்த குழந்தை வண்டி பூதாகரமானது. பெரிய சக்கரங்கள், மெத்தை, கூடாரம் மாதிரி ஒரு கூரை. குழந்தையின் அப்பா அதற்கு 'லாரி' என்று பெயர் வைத்திருந்தார். அதை மடிக்க ஒருவர் அழுத்த வேண்டும், இன்னொருவர் இழுக்க வேண்டும். மின்தூக்கி வேலை செய்யாத நாட்களில் குழந்தையை ஒரு தடவை, வண்டியை ஒரு தடவை என்று மூன்று மாடியை அக்கா இரண்டு முறை ஏறினாள். விமானத்துக்கு அது ஆகவே ஆகாது.

சனிக்கிழமை கடைக்குப் போனார்கள். வரிசையாக இருபது முப்பது வண்டிகள் நின்றன. குழந்தையின் அம்மா நேராகச் சிவப்பு வண்டியிடம் போனார். டை கட்டிய விற்பனையாளர் ஓடி வந்தார்.

"ஒரே க்ளிக்தான் மேடம். கண்ணை மூடிக்கிட்டு மடிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, காலால் ஒன்றை மிதித்து, முழங்காலால் ஒன்றை முட்டி, இரண்டு கையாலும் அமுக்கினார்.

"தம்பி, அது வரைக்கும் புள்ளைய யாரு வெச்சுக்கறது?" என்று கேட்டாள் அக்கா.

"சார் வெச்சுப்பாரு."

"சார் வராத அன்னிக்கு?"

அவர் டையைச் சரிசெய்துகொண்டார்.

அதற்குப் பிறகு கடை அக்காவின் கைக்கு வந்துவிட்டது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வண்டியாக மற்றொரு கையால் மடித்துப் பார்த்தாள். கடை வாசலில் இருந்த இரண்டு அங்குல மேட்டில் ஏற்றி இறக்கினாள். சிவப்பு வண்டியின் முன்சக்கரம் அங்கேயே மக்கர் பண்ணியது. நீல வண்டியின் வாரை ஒரே நிமிடத்தில் சுண்டெலி தானே கழற்றிவிட்டுக் கை தட்டியது. இன்னொன்றில் குழந்தை தூங்கினால் தலை தொங்கும். விமானத்தில் தலைக்கு மேலே வைக்கும் இடத்தின் அளவுக்குக் கடையில் ஓர் அட்டைப்பெட்டி வைத்திருந்தார்கள். கடைசியாக ஒரு சாம்பல் நிற வண்டி அதற்குள் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. ஆறு கிலோகூட இல்லை. தோளில் மாட்டிக்கொள்ளப் பட்டை இருந்தது. கைப்பிடி தன் உயரத்துக்கு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டாள். தள்ளப்போவது தான்தானே.

"நிறந்தான் கொஞ்சம்... எலி கலர்ல இருக்கே" என்று குழந்தையின் அம்மா மூக்கைச் சுளித்தார்.

"சுண்டெலிக்கு எலி கலர்தான் மேடம் பொருத்தம்."

எல்லோரும் சிரித்தார்கள். வண்டி வீட்டுக்கு வந்தது.

விமான நிலையத்தில் தான் கழிப்பறைக்குப் போகும் நேரம் பார்த்து மடிக்கச் சொல்லிவிட்டால் மேடம் என்ன செய்வார் என்று அக்காவுக்குக் கவலை. அதனால் அலுவலகம் முடிந்து வந்த குழந்தையின் அம்மாவுக்குச் சாயங்காலங்களில் பாடம் நடந்தது. கைப்பிடியில் இருக்கும் பொத்தானைக் கட்டைவிரலால் தள்ளி, அப்படியே மணிக்கட்டைத் திருப்பி, கீழே அமுக்க வேண்டும். முதல் நாள் வண்டி கவிழ்ந்தது. இரண்டாம் நாள் அவர் விரல் மாட்டிக்கொண்டது. "பலம் வேணாம் மேடம், அதட்டாம தொட்டாப் போதும், தானா மடங்கும்." நான்காம் நாள் குழந்தை இடுப்பில் இருக்க, வண்டி படக்கென்று மடங்கியது. குழந்தையின் அப்பா போனில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழு செகண்ட்! அட, இவ்ளோ ஈஸியா? அப்போ நாமளே சமாளிச்சிடலாம் போலிருக்கே!"

அக்காவும் சேர்ந்துதான் சிரித்தாள். குழந்தையின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து, அதே சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. டிக்கெட் எல்லாம் பாத்தோம். அங்க தங்கற எடமும் சின்னது. இந்த வண்டி வந்ததுக்கப்புறம் எனக்கும் ஒரு தைரியம் வந்துடுச்சு. அதுவும் நீங்க குடுத்த தைரியந்தான்... உங்களுக்கும் மூணு வாரம் ரெஸ்ட். பொண்ணு கூட இருக்கலாமில்ல?"

மகளுக்கு அந்த வாரங்களில் பரீட்சை. அது அவருக்குத் தெரியாது. அக்கா சொல்லவும் இல்லை.

"சரிங்க மேடம்" என்றாள். அடுப்பில் குழந்தையின் கஞ்சி பொங்கி வழிந்தது. இறக்கி வைத்தாள். கோபம் வரும் என்று பார்த்தாள், வரவில்லை. தன் கையையே வெட்டிப் போட்டால் தேவலை என்று மட்டும் இருந்தது. அந்தச் சிவப்பு வண்டியை எடுத்துத் தொலைத்திருக்கலாம். மேட்டில் மக்கர் பண்ணினாலும் பரவாயில்லை என்று வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம்.

மகளிடம் சொல்வதுதான் பெரிய பாடாக இருந்தது. கூச்சல் போடுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தாள்.

"பரவால்லம்மா" என்றாள் மகள். அம்மா வராத பிறந்தநாட்களுக்கும் பள்ளிக்கூட ஆண்டு விழாக்களுக்கும் சொல்லிச் சொல்லிப் பழகிய, மழமழவென்ற ஒரு பரவால்ல.

புறப்படும் நாள் காலையில் அக்கா சீக்கிரமே வந்தாள். குழந்தைக்கு ஊட்டி, உடை மாற்றி, கீழே தூக்கி வந்தாள். வாடகைக் கார் நின்றது. குழந்தையின் அம்மா சுண்டெலியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, காவலரும் பக்கத்து வீட்டுக்காரர்களும் பார்க்க, ஒரே கையால் வண்டியை மடித்தார்.

"பிரமாதம் மேடம்!" என்றார் காவலர்.

"எல்லாம் அக்கா சொல்லிக் குடுத்தது."

கார்க் கதவு மூடுகிற வரைக்கும் குழந்தை 'க்கா, க்கா' என்று இரண்டு கையையும் நீட்டியபடி இருந்தது, அவளும் ஏறப்போகிறாள் என்ற நினைப்பில். கார் போனதும் அக்கா மேலே போய், எரிவாயுவை மூடி, சிதறிக் கிடந்த துணிகளை மடித்து வைத்து, சாவியைக் காவலரிடம் கொடுத்தாள்.

மூன்று வாரம் சும்மா உட்கார்ந்திருக்க வசதி ஏது? பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக் கூடத்தில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுச் சேர்ந்துகொண்டாள். நாள் முழுவதும் வெந்நீர் ஆவி, படுக்கை விரிப்புகள், இயந்திரங்களின் இரைச்சல். எதிர்ப்பக்கம் விரிப்பைப் பிடித்து மடிப்பவள் ஒரு வாயாடி. "புள்ள தூக்கின கையா? பாத்தாலே தெரியுது. பெட்ஷீட்டைக் கூட மார்ல அணைச்சுக்கறே" என்று கேலி செய்தாள்.

ஐந்தாம் நாள் நடுப்பகலில் போன் அடித்தது. அங்கே அப்போது இரவு. எடுத்ததுமே சுண்டெலியின் அழுகை காதைப் பிளந்தது.

"அக்கா, ரெண்டு நாளா தூங்கவே இல்ல. வண்டியில உக்கார வெச்சா வில்லு மாதிரி வளையறா. நீங்க என்னதான் பண்ணுவீங்க?"

அக்கா கொதிகலன் அறைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். "நேரா தள்ளாதீங்க மேடம். முன்னாடி ஒரு சாண், பின்னாடி ஒரு சாண். அவசரப்படாம. காதுக்குப் பின்னால விரலால தடவுங்க. எடது காது... போன அவகிட்ட வைங்க."

பிறகு அவள் பேச ஆரம்பித்தாள். "சுண்டெலி எங்க போச்சு? கட்டிலுக்கு அடியில போச்சா? அங்க என்ன பண்ணுச்சு? செருப்பக் கடிச்சுதா?" அர்த்தமில்லாத பேச்சு, தினமும் பேசுவது. அழுகை விக்கலாகி, விக்கல் மூச்சாகி இறங்கியது. இருபது நிமிடம் ஆனது. மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்து முறைத்துவிட்டுப் போனார். அக்கா குரலை இன்னும் தாழ்த்தினாள். அந்தப் பக்கம் குழந்தையின் அப்பா கிசுகிசுத்தது கேட்டது. "தூங்கிட்டாளா? அப்பாடா. கட் பண்ணு, கட் பண்ணு."

போன் அணைந்தது.

மறுநாளும் அதே நேரத்துக்கு அழைப்பு வந்தது, அதற்கு மறுநாளும். மேற்பார்வையாளர் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார், இங்கே வேலைக்கு வந்தாளா கதை சொல்ல வந்தாளா என்று. நான்காவது அழைப்பில் குழந்தையின் அம்மாவே ஒரு வழி கண்டுபிடித்தார்.

"அக்கா, தினமும் உங்களத் தொந்தரவு பண்றது எனக்கே கஷ்டமா இருக்கு. ஒரு பத்து நிமிஷம் அப்படியே பேசி ரெக்கார்டு பண்ணி அனுப்பிடுங்களேன். நாங்க போட்டுக்கறோம்."

அன்று சாப்பாட்டு இடைவேளையில், துவைக்காத விரிப்பு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து அக்கா பேசிப் பார்த்தாள். எதிரில் குழந்தை இல்லாமல் பேச்சு வரவில்லை. சுண்டெலி எங்க போச்சு என்று கேட்டுவிட்டு, அங்கேயே நிறுத்தி, பதிவை அழித்தாள். இரண்டாவது தடவை வாயாடி உள்ளே வந்துவிட்டாள், அழித்தாள். மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடம் பேசி முடித்தாள். அனுப்பாமல் இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தாள். ஆனால் தூங்காமல் தவிப்பது அந்தக் குழந்தைதானே. அது யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யவில்லை.

அனுப்பினாள். பதிலுக்குத் தூக்கிய கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. அதன் பிறகு அழைப்பு வரவில்லை.

ஊர் திரும்பிய அன்றே குழந்தையின் அம்மா கூப்பிட்டார். "நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடுங்க அக்கா. வீடு தலைகீழா கெடக்கு."

"நான் வரல மேடம். இங்கயே இருந்துக்கறேன்."

"ஏன் அக்கா? நாங்க என்ன தப்பு பண்ணோம்?" குரலில் உண்மையான திகைப்பு இருந்தது. "அவ உங்களக் கேட்டுட்டே இருக்கா."

என் குரலைத்தான் கையில் வைத்திருக்கிறீர்களே, போட்டுக் காட்டுங்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். "இங்க நிரந்தரமா எடுத்துக்கிட்டாங்க மேடம்" என்று ஒரு பொய்யைச் சொன்னாள். என்ன தப்பு என்று அவர் திரும்பவும் கேட்டார். விளக்கிச் சொல்லும்படி ஒன்றும் இல்லை. தப்பு என்று யாரும் எதையும் செய்யவில்லை என்பதுதான் அக்காவுக்கு ஆறவே இல்லை.

அவர்கள் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். அக்காவைச் சலவைக் கூடத்தில் பிறகு உண்மையிலேயே நிரந்தரமாக்கினார்கள். சூட்டில் கை தோல் உரிந்தது.

பரீட்சை முடிந்து மகள் ஒரு வாரம் வந்து தங்கினாள். அம்மாவின் தோள் வரை வளர்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பாயில் படுத்தவளுக்கு அக்கா தலையணையைத் தட்டிச் சரிசெய்து எடுத்து வந்தாள்.

"எனக்கு வேணாம்மா. நான் தலகாணி வெச்சுக்க மாட்டேன்."

"எப்பலேருந்து?"

"எப்பவுமே." மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். "சித்திக்குத் தெரியும்."

அக்கா தலையணையை அலமாரி மேல் போட்டுவிட்டு, மறுநாள் காலை ஷிப்டுக்கான துணியை எடுத்து வைக்கப் போனாள்.