லேபர் வார்டு வாசலில்

குன்னூர் ஆஸ்பத்திரியில் ஒரு வாட்ச்மேன் இருந்தார். பெரிய மீசை, காக்கிக் கோட்டு. பேசுமுன் தடியால் தரையைத் தட்டுவார்.

தேயிலை பேக்டரியில் அடிபட்ட என் வீட்டுக்காரரை லாரியில் அங்கே கொண்டுபோய்விட்டார்கள். பின்னாலேயே பஸ்ஸில் வந்த நான், போர்டை எழுத்துக்கூட்டிப் படித்து, ‘லேபர் வார்டு’ வாசலில் மத்தியானம்வரை நின்றேன்.

வாட்ச்மேன் தடியைத் தட்டினார். “ஏனுங்கம்மா, பிரசவம் யாருக்குங்க?”

“பிரசவமில்லீங்க, வீட்டுக்காரரு மெஷின்ல அடிபட்டுட்டாருங்க. எஸ்டேட்டுல எங்களை லேபருன்னுதானுங்க சொல்லுவாங்க...”

அவர் சிரிக்கவில்லை. “அய்யோ, பிரசவ வலிக்கும் அதே பேருதானுங்க. வெரசா வாங்க!” என்று அடிபட்டவர்கள் வார்டுக்கு எனக்கு முன்னால் ஓடினார்.

வீட்டுக்காரர் கண் திறந்து என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், போய்விட்டார்.

அழுது ஓய்ந்து நிமிர்ந்தேன். வாட்ச்மேன் கதவோரம் நின்றிருந்தார், தடி தரையில் படாமல் தூக்கிப் பிடித்தபடி.