கஞ்சி போட்ட நூலும் பன்னிரண்டு மணி நேர மாத்திரையும்

1

ஆறு கண்ணாடிக் குடுவை, முப்பத்தேழு டிகிரி சூட்டில் தண்ணீர், ஒவ்வொன்றிலும் ஒரு மாத்திரை. டிசொல்யூஷன் டெஸ்ட் என்பது இவ்வளவுதான். மாத்திரை வயிற்றுக்குள் எப்படிக் கரையும் என்பதை வெளியிலேயே பார்த்துவிடுகிற ஏற்பாடு. காலை ஆறு மணிக்குப் போட்டால் மாலை ஆறு மணிவரை மருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டும். அன்றைக்கு எட்டு மணிக்கெல்லாம் ஆறு மாத்திரையும் பொலபொலவென்று உதிர்ந்து அடியில் கிடந்தன.

உழவர்கரையில் எங்களுடையது சின்ன கம்பெனி. மில்லில் கழித்துப் போடும் பஞ்சை வாங்கி, காஸ்டிக்கில் வேகவைத்து, ப்ளீச் செய்து, ரியாக்டரில் ஏற்றி சி.எம்.சி. பவுடராக்குவோம். அதைக் கலந்து அடித்த மாத்திரை தண்ணீர் பட்டதும் மேலே கூழ் கட்டிக்கொள்ளும். மருந்து அந்தக் கூழைத் தாண்டி மெதுவாகத்தான் வெளியே வரும். குப்பைக்குப் போகிற பஞ்சு ரத்த அழுத்த மாத்திரைக்குள் போகிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. நான்தான் அங்கே க்யூ.சி. ஹெட், சரக்கின் தரத்துக்குப் பொறுப்பு.

உதிர்ந்தது பன்னிரண்டாம் லாட் பவுடரில் லேபிலேயே நான் அடித்துப் பார்த்த மாத்திரை. அந்த லாட் நான் கையெழுத்துப் போட்டு, எங்கள் ஒரே பெரிய கஸ்டமருக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட சரக்கு. திங்கட்கிழமை அவர்கள் மாத்திரை அடிக்கப் போகிறார்கள். மாத்திரை டெஸ்ட் எங்கள் கடமையே இல்லை, என் திருப்திக்காகச் செய்வது. அதனால் விஷயம் என் ஒருத்திக்குத்தான் தெரியும்.

2

கூழின் கெட்டித்தன்மையைக் காட்டும் விஸ்காசிட்டி சரி, ஈரப்பதம் சரி, ரியாக்டர் சூடு சரி. பேப்பரில் குற்றமே இல்லை. கடைசியில் பஞ்சு பிரிக்கும் ஷெட்டுக்குப் போனேன். அங்கே செல்வி இருந்தார். கனகசெட்டிக்குளத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர். மீன் தரம் பிரித்துப் பழகிய கை. அவர் வேகத்துக்கு யாரும் ஈடுகொடுக்க முடியாது.

"செல்வி, பன்னண்டாம் லாட்டுல புதுசா எதுனா வந்துச்சா?"

"வந்துச்சே மேடம். பஞ்சோட நூல் துண்டும் வந்துச்சு. மொடமொடன்னு, கஞ்சி போட்ட நூலு."

மில்லின் தறிப் பக்கத்துக் கழிவு. தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவார்கள். அது இந்தப் பக்கம் வரவே கூடாது.

"தெரிஞ்சும் ஏன் எடுத்தீங்க?"

"நீங்கதான மேடம் வெள்ளையா இருக்கறத எடுங்கன்னீங்க? அதுதான் பளிச்சுன்னு இருந்துச்சு. சொல்லலாம்னு வாயெடுத்தேன். நீங்க கையில எடுத்துப் பாத்து, 'சபாஷ் செல்வி, இதே மாதிரி எடுங்க'ன்னுட்டீங்க. அப்புறம் நான் இன்னாத்த சொல்றது?"

சொன்னது ஞாபகம் இருந்தது. லேபுக்கு வந்து பவுடரில் ஒரு சொட்டு அயோடின் விட்டேன். மை கொட்டியது போல நீலம். கஞ்சி இருக்கிறது என்பதற்கு அதற்குமேல் சாட்சி வேண்டாம். எங்கள் ரியாக்டரில் பஞ்சுக்கு நடக்கிற மாற்றம் கஞ்சிக்கும் நடக்கும். ஆனால் அதில் வருவது, மாத்திரையைச் சீக்கிரம் உடைப்பதற்கென்றே கம்பெனிகள் தனியாக வாங்கிப் போடும் சரக்கு. மெதுவாகக் கரைய வைக்கும் பவுடருக்குள் உடைக்கும் பவுடரையும் சேர்த்துச் சமைத்து அனுப்பியிருக்கிறேன்.

3

எங்கள் முதலாளி பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். எல்லோரும் பிரெஞ்சில் ஐயா என்பதுபோல முசியே என்றுதான் கூப்பிடுவோம். விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அவங்களும் டெஸ்ட் பண்ணுவாங்க இல்லம்மா? கேட்டா அப்ப பாத்துக்கலாம்."

"ஆறு மாத்திரைதான் முசியே டெஸ்ட்டுக்குப் போவும். கஞ்சி எல்லா மூட்டையிலயும் ஒரே மாதிரி இருக்காது. அந்த ஆறும் தப்பிச்சி, மிச்சத்த யாராவது முழுங்கினா? பன்னண்டு மணி நேர மருந்து ஒரேயடியா இறங்கும். ஆளு மயங்கி விழுந்துடுவாங்க."

அவர் போனை என் பக்கம் நகர்த்தினார்.

கஸ்டமர் கம்பெனியில் மாத்திரைப் பிரிவுக்குத் தலைவர் ராகவன். சட்டென்று விஷயத்துக்கு வந்தேன்.

"சார், பன்னண்டாம் லாட்ட ப்ரெஸ் பண்ணாதீங்க. கஞ்சி கலந்துடுச்சி."

"சர்டிபிகேட்ல உங்க கையெழுத்து இருக்கே?"

"என்னுதுதான் சார். அது தப்பு."

"நாங்களா கண்டுபிடிச்சிருந்தா உங்கள லிஸ்ட்லேந்து எடுத்திருப்போம். இப்ப நிறுத்தி வைக்கறேன். காரணத்த எழுதி அனுப்புங்க. நேர்ல வந்து பாத்துட்டு முடிவு சொல்றேன்."

மூன்று மாதம் ரியாக்டர் பாதி நாள் சும்மா கிடந்தது. முசியே ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

4

ராகவன் வந்தார். ஷெட்டில் கஞ்சி நூல் இருந்த பழைய கழிவையும் புதுசாக வந்த சுத்தமான பஞ்சையும் கலந்து கொட்டி, "பிரிச்சுக் காட்டுங்க" என்றார். செல்வி விரலால் தடவித் தடவி ஒரு பிடி நூலை ஓரமாகப் போட்டார். அயோடின் விட்டேன். ஓரமாகப் போட்டது அத்தனையும் நீலம். நல்லதென்று வைத்த பஞ்சில் ஒரு பொட்டு நீலம் இல்லை.

"இந்தம்மா கையெழுத்து உங்க ஷீட்ல எங்க இருக்கு?" என்றார்.

எங்கேயும் இல்லை. அன்றைக்கே ஒரு கட்டம் சேர்த்தோம், என் கட்டத்துக்கு மேலே. பதின்மூன்றாம் லாட்டுக்கு ஆர்டரும் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

புதிதாக க்யூ.சி.க்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். திட்டினால் யாராவது எதிர்த்தாவது பேசுவார்கள். நான் செல்வியின் வாயை அடைத்தது ஒரு சபாஷால். இப்போதெல்லாம் முதலில் கேட்கிறேன், "இதுல எது சரியில்ல?" பதில் வந்த பிறகுதான் பாராட்டு.