ஆண் பூ வறை

தர்மபுரத்தில் விவசாயப் போதனாசிரியராக வேலை தொடங்கி மூன்று மாதம். ஒருநாள் காலை அலுவலகம் திறந்த கையோடு தவமணியக்கா வந்து, ஒரு பையை என் மேசையில் கவிழ்த்தார். அவ்வளவும் மஞ்சளாகிச் சூம்பிய பூசணிப் பிஞ்சுகள்.

"ஐயா, நீங்கள் சொன்னபடிதானே செய்தனான். ஒண்டும் நிக்கேல்லை. எல்லாம் கொட்டுண்டு போச்சு."

போரில் இடம்பெயர்ந்து மீள்குடியேறிய பின் அவர் தனியாளாகச் செய்த முதல் தோட்டம் அது. கிணற்றில் ஒரு மாதத்துக்குத்தான் தண்ணீர். அதற்குள் காய் பிடிக்காவிட்டால் அந்தப் போகம் போனதுதான்.

"நான் என்ன சொன்னனான், அக்கா?"

"காய்க்காத பூ எண்டு சொன்னீங்கள். அதுகளுக்கு ஏன் தண்ணியை வீணாக்குவான்? ஒவ்வொரு நாளும் விடிய மொட்டோடை ஆஞ்சு எடுத்திட்டன்."

இரண்டு கிழமைக்கு முன் பொதுநோக்கு மண்டபத்தில் விவசாயிகளுக்கு வகுப்பு வைத்திருந்தேன். கரும்பலகையில் படம் கீறி, பூசணி ஓரில்லத் தாவரம், பூக்கள் ஏகலிங்கமானவை, ஆண் பூவில் சூலகம் இல்லை, ஆகவே அது காய்க்காது என்று வெளுத்து வாங்கினேன். அதற்குள் தேநீர் வந்துவிட்டது. மகரந்தச் சேர்க்கையை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கும் பெருமைதான்.

போதாததற்கு, போன கிழமை அவர் ஒரு டப்பாவில் பூசணிப்பூ வறை கொண்டுவந்து தந்திருந்தார். தேங்காய்ப்பூ தூக்கலாகப் போட்டு வறட்டிய கறி. எந்தப் பூ என்று கேட்கக்கூடத் தோன்றாமல் வழித்துத் தின்றிருக்கிறேன்!

மறுநாள் விடியப் பரந்தனில் என் வீட்டு வேலியில் ஓடியிருந்த பூசணியில் ஆண் பூக்களை ஆய்ந்து, அதே டப்பாவில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போனேன். அவருடைய தோட்டத்தில் பெண் பூக்கள் விரிந்திருந்தன. ஆண் பூ மருந்துக்கும் இல்லை.

ஆண் பூவின் இதழை உரித்துவிட்டு, நடுவில் இருந்த தண்டைப் பெண் பூவுக்குள் தடவிக் காட்டினேன்.

"இந்தத் தூள் படாட்டில் பிஞ்சு நிக்காது, அக்கா. வழமையா வண்டு, தேனீ செய்யிற வேலை."

அவரும் ஒரு பூவை வாங்கித் தடவி, விரலில் ஒட்டிய மஞ்சள் தூளைப் பார்த்தார்.

"அண்டைக்கு எவ்வளவோ சொன்னீங்கள், ஐயா. இதைச் சொல்லேல்லையே."

வெட்கமாக இருந்தது. அடுத்த பூவுக்குப் போனேன்.

அவருடைய கொடிகளில் ஆண் பூ திரும்ப விரியும்வரை தினமும் டப்பாவோடு போனேன். எதிர்பார்த்ததில் பாதிக் காய்தான் கிடைத்தது. மற்றப் பாதி என் வகுப்போடு போனது.

அதன் பிறகு ஓய்வு பெறும்வரை, கலைச்சொல் எதைச் சொன்னாலும் ஒரு கேள்வி கேட்காமல் வகுப்பை முடித்ததில்லை: "நாளைக்கு விடிய உங்கடை தோட்டத்திலை என்ன செய்யப்போறீங்கள்?"

முதன்முதல் அப்படிக் கேட்டபோது பின்வரிசையிலிருந்து தவமணியக்காதான் பதில் சொன்னார்.

"ஆண் பூவிலை கை வைக்கமாட்டன், ஐயா. உங்களுக்கு வறை வேணுமெண்டால், வேலை முடிச்சு வாடினதைப் பின்னேரம் ஆஞ்சு தாறன்."