வெர்பியே: பனிமலையில் எல்லோரும் செகண்ட் ஷிப்டா?

2017 பிப்ரவரியில், என் கணவர் நெய்வேலி சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெற மூன்று மாதம் இருந்தபோது, இந்தப் பயணம் போனோம். எங்கள் ஒரே மகள் நிலா சுவிட்சர்லாந்தில் வெர்பியே என்ற பனிச்சறுக்கு ஊரில் ஒரு ஹோட்டலில் வேலை பார்க்கிறாள். டிக்கெட் அவள் செலவு. ஆனால் கிளம்பும்போது அப்பாவும் மகளும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. காரணம் ஒரு மாடி.

ஓய்வு பெற்றால் குவாட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். வடலூரில் எங்களுக்கு ஒரு மனை உண்டு. கீழே நாங்கள், மேலே மகள் என்று இவர் பிளான் போட்டுவிட்டார். கைக்கு வரும் பணம் மொத்தமும் அதற்கே போய்விடும். "வருஷத்துக்கு ரெண்டு வாரம் வர்றதுக்கு எதுக்குப்பா மாடி?" என்று அவள் போனில் கேட்டது இவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. நடுவில் மாட்டிக்கொண்டவள் நான்.

நெய்வேலியிலிருந்து சென்னை விமான நிலையம் சுமார் 200 கிலோமீட்டர், காரில் நான்கரை மணி நேரம். ஜெனீவாவில் இறங்கினால் விமான நிலையத்துக்குள்ளேயே ரயில். மார்ட்டினியில் வண்டி மாறி மலையடிவார ஊரான ல ஷாப்ளுக்குப் போக இரண்டேகால் மணி நேரம் ஆனது. வழியெல்லாம் ஏரி. ஜன்னல் ஓரம் கிடைத்தால் தூங்கிவிடாதீர்கள். அங்கிருந்து கேபிள் காரில் வெர்பியே ஏறலாம். இவர் ஏறியதும் முதலில் பார்த்தது மேலே ஓடும் கம்பியைத்தான். "நம்ம சுரங்கத்துக் கன்வேயர் மாதிரிதான் ஓடுது. மெயின்டனன்ஸ் நல்லா பண்றாங்க" என்று சான்றிதழ் கொடுத்த பிறகுதான் உட்கார்ந்தார்.

நாங்கள் சறுக்கவில்லை, தெருவில் நடக்கும்போது நான் இரண்டு முறை வழுக்கியதைக் கணக்கில் சேர்க்காவிட்டால். கடைவீதியில் பாதிக் கடை வீடு விற்கிற கடை. கண்ணாடிக்குப் பின்னால் மரவீடுகளின் படங்கள், கீழே விலை. இவர் பூஜ்ஜியங்களை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டார். சிலவற்றுக்கு விலையே போடவில்லை, நேரில்தான் சொல்வார்களாம். நம்ம ஊர் மனை புரோக்கர் ஞாபகம் வந்தது. புதிதாக விடுமுறை வீடு கட்டச் சட்டம் தடை போட்டுவிட்டதால், இருக்கிற வீடுகளின் விலை இன்னும் ஏறுகிறது என்று நிலா சொன்னாள்.

மாலை ஏழு மணிக்கு ஹோட்டல் வேனில் ஊரைச் சுற்றிக் காட்ட அழைத்துப் போனாள். ஓட்டியவர் லூக், இவர் வயதுதான் இருக்கும். மேல்சரிவில் அரண்மனை மாதிரி வீடுகள், வரிசையாக எல்லாம் இருட்டு.

"ஏம்மா, எல்லாரும் செகண்ட் ஷிப்ட் போயிட்டாங்களா? வூட்ல பொம்பளைங்ககூட இல்லியா?" என்றார் இவர்.

நிலா சிரித்துவிட்டாள். "ஷிப்ட் இல்லப்பா. வேற ஊருல இருக்கிற பணக்காரங்க வாங்கிப் போட்டது. வருஷத்துக்கு ரெண்டு வாரம் வருவாங்க."

அந்த இரண்டு வாரத்தைக் கேட்டதும் இவர் இருட்டு வீடுகளை மறுபடி திரும்பிப் பார்த்தார். லூக் என்னவென்று கேட்க, அவள் பிரெஞ்சில் சொன்னாள். அவர் சொன்னதை எங்களுக்குத் தமிழாக்கினாள். அந்தச் சரிவு அவர் அப்பாவின் மாட்டு மேய்ச்சல் நிலமாம். அண்ணன் தம்பிகள் சேர்ந்து விற்றுவிட்டார்கள். இப்போது ஊருக்குள் வாடகைக்கு இருக்கக்கூடக் கட்டுப்படியாகாமல், கீழே ல ஷாப்ளிலிருந்து தினம் வருகிறாராம்.

"நெலத்துக்குப் பதிலா வேலை குடுத்தாங்களா? பர்மனென்ட்டா?"

"இல்லப்பா. குளிர்காலத்துக்கு மட்டும் காண்ட்ராக்ட்."

இவர் வீட்டு நிலமும் சுரங்கத்துக்குப் போனதுதான். அதில் கிடைத்த வேலையில்தான் நிலா படித்தாள். "எங்க நெலத்துக்கு அடியில கரி இருந்துது, அவரு நெலத்துக்கு மேல பனி இருந்துது. எனக்காவது வேலை கெடைச்சுது. சொல்லும்மா அவருகிட்ட" என்றார். லூக் வேனை ஓரம் கட்டி, திரும்பி, இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மறுநாள் அவர் வீட்டில் எங்களுக்குச் சாப்பாடு. உருளைக்கிழங்கின் மேல் உருக்கிய சீஸ், சூடான சூப். நாங்கள் கொண்டுபோன பண்ருட்டி முந்திரியை அவர் மனைவி தட்டில் கொட்ட, பேச்சோடு பேச்சாகத் தீர்ந்தது. சின்ன வீடுதான். ஆனால் அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. முன்பின் தெரியாத எங்களை அந்தக் குளிரில் கூப்பிட்டுச் சோறு போட்டவர்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நெகிழ்கிறது.

திரும்பும் நாள், ல ஷாப்ள் ஸ்டேஷனில் இவர் மகளிடம் சொன்னார்: "மாடி வேணாம்மா. வூடுன்னா லைட்டு எரிஞ்சிகினு இருக்கணும். நீ வந்தா எங்ககூட கூடத்துல பாய் போட்டுப் படு." அவள் அப்பாவின் மப்ளரைச் சரிசெய்தாள். பிறகு தோளில் சாய்ந்து அழுதாள். எனக்குத்தான் பாரம் இறங்கியது.

போகிறவர்களுக்கு: விசாவுக்கு இரண்டு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். அடியில் பிடிப்புள்ள ஷூ கட்டாயம். மேலே காபி ஐந்து பிராங்க், கிட்டத்தட்ட 330 ரூபாய். மலையடிவாரத்தில் தங்கினால் செலவு குறையும், மனிதர்களும் கிடைப்பார்கள்.

வடலூரில் கீழ்த்தளம் மட்டும் கட்டிக் குடிவந்துவிட்டோம். குவாட்டர்ஸைக் காலி செய்த அன்று நான் அழுதது உண்மை. போன வாரம் டவுன்ஷிப் பஸ்ஸில் எங்கள் பழைய பிளாக் வழியாகப் போனேன். வேறொரு குடும்பத்துக்கு அலாட் ஆகிவிட்டது. பொழுது சாய்கிற நேரம். என் சமையலறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, யாரோ தோசை வார்த்துக்கொண்டிருந்தார்கள்.