பூட்ஸுக்குள் நழுவிய கால்

ஆபீஸிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். திரும்பிப் பார்த்தால் கூடமெல்லாம் சிவப்புச் சிவப்பாகத் திட்டு. என் மனைவி அலமேலுதான் குங்குமத்தைக் கொட்டிவிட்டாள் என்று எரிந்து விழுந்தேன்.

"குங்குமம் சுவாமி அலமாரியில இருக்கு. முதல்ல உங்க காலைப் பாருங்கோ" என்றாள்.

வலது பாதத்தில், கட்டைவிரலுக்குக் கீழே உள்ள மேட்டில் ஒரு புண். விரல் நுனி புகும் அளவுக்குப் பள்ளம். எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. வலிக்கவே இல்லை. வலிக்காததால் பெரிதாக இருக்காது என்று நினைத்தேன். இதைப் படிக்கிற உங்களுக்கும் அப்படித் தோன்றினால், தயவுசெய்து நம்ப வேண்டாம்.

எனக்கு நீரிழிவு (சிறுநீரில் சர்க்கரை இறங்கும் நோய்) இருப்பது சில வருஷமாகவே தெரியும். அது பாதத்து நரம்புகளை மரத்துப்போகச் செய்யும் என்று தெரியாது. வங்காளத்தில், கிடர்பூர் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா உத்தியோகம். பெயர்தான் குமாஸ்தா, நாளெல்லாம் கப்பல் துறைக்கும் கிடங்குக்கும் நடைதான். கால் நின்றால் சம்பளமும் நிற்கும்.

பெரிய ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார சர்ஜன் (அறுவை வைத்தியர்) புண்ணுக்குள் ஒரு கம்பியை விட்டுப் பார்த்தார். எனக்கு வலியே தெரியவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் உடம்பெல்லாம் விஷம் ஏறும் என்றார்.

வெளியே தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். பயப்படக்கூடத் தெம்பில்லை, ஒரே அலுப்பு. கால் இல்லாதவனுக்குக் கப்பல் துறையில் என்ன வேலை? சொந்த ஊர் எங்கேயோ இருக்கிறது. அலமேலுவுக்கு வங்காளி பாஷையில் காய்கறி வாங்கும் அளவுக்குத்தான் பேச வரும்.

"வாங்கோ, ஆத்துக்குப் போலாம். இன்னொருத்தர்கிட்டக் காட்டாம இதுக்குச் சம்மதிக்கப்படாது" என்றாள் கூட வந்திருந்த அலமேலு.

காளிகாட்டில் எங்கள் தெருக்கோடியில் ஒரு வங்காளி டாக்டர் இருந்தார். முன்கோபக்காரர். என்னை ஐயர் பாபு என்பார். அலமேலுவை பௌதி (அண்ணி) என்பார். எங்கள் பேச்செல்லாம் இங்கிலீஷில். இங்கே தமிழில் தருகிறேன்.

"புண் இன்னும் எலும்புக்குப் போகவில்லை. ஆறவைத்துப் பார்க்கலாம். ஆனால் எதனால் வந்தது என்று தெரியாமல் ஆறவைத்தால் மறுபடி வரும், அப்போது நானே வெட்டச் சொல்வேன்" என்றார்.

வழவழப்பான காகிதத்தை மண்ணெண்ணெய் விளக்கின் மேலே காட்டிக் கரி படிய வைத்தார். அதைத் தரையில் விரித்து, புண்ணுக்கு மெல்லிய துணி சுற்றி, மேலே நடக்கச் சொன்னார். பாதம் அழுந்தும் இடத்தில் கரி காலோடு வந்துவிடும். காகிதம் வெளுத்துத் தெரியும். குதிகாலில் வெளுப்பு. கட்டைவிரல் மேட்டில் இன்னும் வெளுப்பு.

"பாரம் இங்கேதான் விழுகிறது. ஆனால் பாரம் மட்டும் இவ்வளவு தின்னாது" என்று முணுமுணுத்தார். பிறகு வாசலுக்குப் போய் என் பூட்ஸை எடுத்து வந்தார். அதன் உள்ளளவுக்குக் கரிக்காகிதத்தை வெட்டி, கரிப்பக்கம் மேலே இருக்கும்படி போட்டு, அதை அணிந்து முற்றத்தில் நடக்கச் சொன்னார்.

காகிதத்தை வெளியே எடுத்தபோது முன்போல வெளுத்த திட்டு இல்லை. கட்டைவிரல் மேடு இருந்த இடத்தில், கரண்டியால் வழித்தாற்போல நீளமான ஒரு இழுப்பு.

"ஐயர் பாபு, இது யாருடைய பூட்ஸ்?"

"என்னுடையதுதான்."

"பின் ஏன் இவ்வளவு பெரிது?"

சொன்னேன். மாட்டுத் தோலைக் கையால் தொட்டால் மடி, ஆசாரம் கெடும்; குளிக்காமல் வீட்டுக்குள் புழங்கக் கூடாது. பூட்ஸ் இல்லாமல் ஆபீஸுக்குள் விடமாட்டார்கள். ஆகவே நாடா இல்லாததாக, ஓர் அளவு பெரிதாக வாங்கி, கை படாமல் வாசலில் உதறிவிட்டு வருவேன். இந்த ஊரில் எங்கள் மனுஷர்கள் பலரும் அப்படித்தான்.

அவர் சிரிக்கவில்லை. "மேலிருந்து அழுத்துவது ஒரு விசை. தோலை முன்னும் பின்னும் இழுப்பது இன்னொரு விசை. எலும்பு ஒரு பக்கம் போகிறது, தோல் ஒரு பக்கம் நிற்கிறது, நடுவில் சதை கிழிகிறது. வலி தெரிந்தவன் அன்றைக்கே பூட்ஸை வீசியிருப்பான்" என்றார்.

அதன்பின் வீட்டில் படுக்கைதான். காலைத் தரையில் வைக்கக் கூடாது. சோறு கிடையாது, பார்லிக் கஞ்சியும் பாகற்காயும். தினமும் டாக்டர் வந்து புண்ணைக் கழுவிக் கட்டுவார். துர்கா பூஜை மேளம் கேட்டபோது படுத்திருந்தேன். இந்த ஊரில் தை மாசம் வரும் சரஸ்வதி பூஜைக்கும் படுத்திருந்தேன். அலமேலுவிடம் காரணமில்லாமல் சிடுசிடுத்தேன். இந்த நோயில் மனிதன் நல்லவனாக இருப்பது கஷ்டம். வீட்டில் உள்ளவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மாம்பழக் காலத்தில் புண் மூடியது. கால் தப்பியது. பழைய உத்தியோகம் போய், கிடங்குக்குள் உட்கார்ந்து செய்யும் சின்ன வேலை கிடைத்தது. சீனாக்காரர் கடையில் அளவெடுத்து, நாடா போட்டு இறுக்கும் பூட்ஸ் தைத்தோம். உள்ளே கம்பளி மெத்தை, மேட்டுக்குக் கீழே மட்டும் குழி. டாக்டர் மறுபடி கரிக்காகிதம் வைத்துப் பார்த்தார். வெளுத்த திட்டு மட்டும் இருந்தது, இழுப்பு இல்லை.

"வீட்டுக்குள்ளும் இதைப் போட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டும்" என்றார்.

நான் அலமேலுவைப் பார்த்தேன். ஈரப்புடவையோடு சமைக்கிறவள், பால்காரர் நிழல்கூட அடுப்பங்கரையில் படக் கூடாது அவளுக்கு.

"காலை வெட்டிண்டு வந்தா மட்டும் மடி நிக்கப்போறதா? போட்டுக்கோங்கோ" என்றாள். அன்றிலிருந்து அடுப்பங்கரைக்குள் நான் போவதில்லை, என் சாப்பாட்டு இலை கூடத்தில்தான்.

இப்போது நான் நடப்பது பழைய நடை இல்லை. டிராமை ஓடிப் பிடிக்க முடியாது; போனால் போகட்டும், அடுத்தது வரும் என்று நிற்கிறேன். பாதம் எனக்கு எதுவும் சொல்வதில்லை. நானே நாடா கட்டினால் தளர்ந்துபோகிறது, அல்லது ரத்தம் நிற்கும் அளவுக்கு இறுகிவிடுகிறது. அதனால் அலமேலு கட்டிவிடுகிறாள். முதல் நாள் கட்டிவிட்டு ஓடிப்போய்த் தலைமுழுகினாள். இப்போது கையை மட்டும் கழுவுகிறாள்.

போன வாரம் கட்டுவதற்கு முன், புதுப் புண் ஏதும் உண்டா என்று பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னும் பார்த்து முடியலையா? நேரமாறது" என்றேன்.

"எப்பவோ பார்த்தாச்சு" என்றாள்.

குனிந்து பார்த்தேன். அவள் இரண்டு கையாலும் என் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.