நான் மலையாளத்துக்காரியான விதம்

யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்குத் தங்கள் தமிழைப் பற்றி ஒரு கர்வம் உண்டு. எனக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. நர்ஸ் படிப்பை முடித்து, கப்பலேறி, ரயிலேறி, சேலத்தில் வந்து இறங்கிய அன்றே அது போயிற்று. ஸ்டேஷன் வாசலில் நின்ற குதிரைவண்டிக்காரரிடம் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த வண்டிக்காரரைக் கூப்பிட்டார். "இந்தம்மா மலையாளம் பேசறாங்க. உனக்குத்தான் அது வருமே, என்னன்னு கேளு."

வந்தவர் நிஜமாகவே மலையாளத்தில் பேசினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் கையால் ஊசி போடுவதுபோல் காட்டித்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன். அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டர் ஒரு வெள்ளைக்கார அம்மாள். அவர் என்னை வெண்ணந்தூருக்கு அப்பால் நெசவாளர்கள் நிறைந்த ஒரு கிராமத்துக்கு அனுப்பினார். ஓட்டு வீடு ஒன்று, இரண்டு கட்டில், ஒரு மருந்து அலமாரி, உதவிக்கு உள்ளூர் ஆயா ஒருத்தி. பெண்கள் பிரசவத்துக்கு அங்கே வரவேண்டும், அல்லது என்னை வீட்டுக்குக் கூப்பிடவேண்டும். ஒரு வருஷம் பார்ப்பது, யாரும் வராவிட்டால் மூடிவிடுவது என்று ஏற்பாடு. மூடினால் நான் ஊருக்குத் திரும்பவேண்டும். அங்கே என் அண்ணி எனக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தாள். மாப்பிள்ளைக்கு என் வயதில் ஒரு மகள் இருந்தாள்.

ஆகவே நான் பேசியாக வேண்டியிருந்தது. வாயைத் திறந்தால் எதிரில் நிற்பவர்கள் முகம் மாறிவிடும். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. சிரிக்க மாட்டார்கள். பேச்சை நிறுத்திவிட்டு என் வாயையே பார்ப்பார்கள். கடைக்குப் போகும் வழியெல்லாம் ஒரே வாக்கியத்தை மனதுக்குள் உருட்டிக்கொண்டே போவேன். கடைக்காரர் முன்னால் நின்றதும் அது எனக்கே அந்நியமாக ஒலிக்கும். உப்பு வாங்கப் போய், பேசப் பயந்து, முன்னால் குவித்து வைத்திருந்த புளியைக் காட்டி வாங்கிக்கொண்டு வந்த நாளும் உண்டு.

ஆயா எனக்குப் பாடம் நடத்தினாள். "எல்லாத்துக்கும் பின்னால ஒரு ங்க போட்டுருங்கம்மா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." நான் ஒன்று விடாமல் போட்டேன். வாசலில் வந்து நின்ற எருமையைக்கூட "தள்ளிப் போங்க" என்று மரியாதையாக விரட்டினேன். எருமை போயிற்று. மனிதர்களிடம் அது பலிக்கவில்லை. சொற்கள் சரியாக இருந்தாலும் ராகம் எங்கள் ஊர் ராகமாகவே இருந்தது.

எனக்கு ஆத்திரம் ஊட்டியது என்னவென்றால், டாக்டரம்மாவின் தமிழ் என் தமிழைவிட நூறு மடங்கு மோசம். கர்ப்பிணிகளை எல்லாம் "அவன் வந்தான்" என்றுதான் சொல்வார். மாதம் ஒருமுறை அவர் எங்கள் கிராமத்துக்கு வந்தால் தெருவே திரண்டு வந்து கை நீட்டி நாடி பார்க்கச் சொல்லும். முழுக்க முழுக்க வெளியாள் என்றால் அவர்களுக்குப் பயம் இல்லை. பாதி புரிந்து பாதி புரியாமல் பேசுகிற என்னிடம்தான் பயம்.

அது பயம் என்பதே எனக்கு வெகுநாள் தெரியாது. என்னைக் கடந்து போகும் தாய்மார்கள் கொஞ்ச தூரம் போனதும் திரும்பி வந்து, புழுதியில் பதிந்த தங்கள் குழந்தையின் காலடியை முந்தானையால் துடைத்துவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். ஏதோ ஊர் வழக்கம் என்று நினைத்தேன். ஒருநாள் ஆயாவிடம் கேட்டேன். அவள் கூட்டிக்கொண்டிருந்த விளக்குமாற்றைக் கீழே வைத்தாள்.

"சொன்னா மனசு கஷ்டப்படக் கூடாதுங்க. நீங்க மலையாளத்துக்காரிங்கன்னு ஊருக்குள்ள பேச்சு. மலையாளத்துக்காரிங்க காலடி மண்ணெடுத்து மந்திரம் வெப்பாங்கல்லங்க. அதுக்குத்தான் அழிச்சுட்டுப் போறாங்க."

"நான் பேசுவது தமிழ்" என்றேன்.

"எனக்குத் தெரியுதுங்க. நான் நெதமும் கேக்கறேன். அவங்க எங்க கேட்டாங்க?"

அன்று முதல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டாக்டரம்மா வரும் நாளில் உதவிக்கு நாடி பிடிக்கும்போது வாய்க்குள் எண்ணுவது என் பழக்கம். அதுவும் மந்திரமாகத்தானே தெரிந்திருக்கும்? ஜெபம் செய்யும்போது ஜன்னலைச் சாத்தினேன். சாத்தியதும், சாத்திக்கொண்டு என்ன செய்கிறாள் என்று நினைப்பார்களே என்று திறந்தேன்.

இப்படியே நாள் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு வெயில் ஏறிய வேளையில், பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு இளம் நெசவாளி வந்து வாசற்படிக்கு வெளியே நின்றார். "என்ற சம்சாரத்துக்கு நேத்து வெடியால இருந்து நோவுங்க. எங்கம்மா உங்களக் கூட்டியாரச் சொன்னாங்க."

எனக்கு வந்த முதல் அழைப்பு அது. சந்தோஷத்தில் செருப்புக்கூடப் போடாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆயா பின்னால் வந்தாள். தெருவில் நீளமாகப் பாவு கட்டி நூலுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தவர்கள் எனக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

அந்தப் பெண் தறிக்குழிக்குப் பக்கத்தில் பாயில் கிடந்தாள். பதினெட்டு வயது இருக்கலாம். உதடு வறண்டு, கண் செருகிக் கிடந்தாள். ஊர் மருத்துவச்சி ஒரு மூலையில் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பெட்டியைத் திறக்கப் போனேன். மாமியார் குறுக்கே வந்து நின்றாள்.

"பொட்டி வேண்டாமுங்க. நீங்க வெச்சத மட்டும் எடுத்துருங்க, சாமி."

எனக்குப் புரியவில்லை. ஆயாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மாமியார் கும்பிட்ட கையை இறக்காமல் சொன்னாள்: "அன்னிக்குக் கெணத்து மேட்டுல என்ற மருமவ வயித்தப் பாத்து என்னமோ சொன்னீங்களாமா. அதுக்கப்பறம் புள்ள ஒரு பக்கமாவே நிக்குதுங்க. நாங்க தெரியாம என்ன தப்புப் பண்ணியிருந்தாலும் பொறுத்துக்கோங்க."

கிணற்று மேடு நினைவுக்கு வந்தது. தண்ணீர்க் குடத்தோடு இறங்கிய பெண்ணைப் பார்த்து, "கவனமாப் போ பிள்ளை" என்று சொன்னேன். அவள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். நான் சொன்னது அவ்வளவுதான்.

சேலைக்கு மேலாக வயிற்றைத் தொட்டுப் பார்க்க மட்டும் விட்டார்கள். குழந்தை குறுக்கே கிடந்தது. பன்னீர்க்குடம் இன்னும் உடையவில்லை. அது உடைவதற்குள் சேலம் போய்ச் சேர்ந்தால் டாக்டரம்மா திருப்பி எடுத்துவிடுவார். இங்கேயே கிடந்தால் இரண்டு உயிரும் போகும். வண்டி கட்டச் சொன்னேன். ஆயா சொல்லித்தந்த பேச்சில், ங்க போட்டு, பணிவாகச் சொன்னேன்.

"அத எடுக்காம எல்லை தாண்டினா செத்துப்போயிருவாளுங்க" என்றாள் மாமியார். மறுபடி சொன்னேன். மறுபடி அதே பதில். பாயில் கிடந்தவள் முனகினாள். எனக்குள் ஏதோ அறுந்தது.

"இஞ்ச பாருங்கோ, இந்தப் பிள்ளை செத்துப்போடும்! எத்தினை தரம் சொல்லுறது? உங்களுக்கு விளங்கேல்லையோ?"

மருத்துவச்சி எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மாமியார் கும்பிட்ட கையோடு மண்டிபோட்டாள். அத்தனை நாள் ஒளித்து வைத்த என் பேச்சுக்கு அந்த வீட்டில் எவ்வளவு பலம் என்று அப்போதுதான் கண்டேன். எடுத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் வண்டி கிளம்பும். ஆனால் எடுத்தேன் என்றால், வைத்ததும் நான்தான் என்று ஆகிவிடும். அதற்குப் பிறகு அந்த ஊரில் எவள் என்னைக் கூப்பிடுவாள்? வழியில் இவள் செத்துவிட்டால், கொன்றவளும் நான்தான். டாக்டரம்மா வந்து சொன்னாலும் எடுபடாது.

அந்தப் பெண்ணின் கண்கள் என்னைப் பார்த்தபடி இருந்தன. அவளும் அதைத்தான் நம்பினாள்.

"எடுத்திட்டன்" என்றேன், எங்கள் வீட்டில் பேசுவது போலவே. "முக்கால்வாசி எடுத்திட்டன். மிச்சம் சேலத்து எல்லை தாண்டினாத்தான் போகும். கெதியா வண்டியைக் கட்டுங்கோ."

ஆயா என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அதை அவர்கள் பேச்சில் சொன்னாள். நெசவாளி மாட்டைப் பூட்ட ஓடினார்.

மல்லூர் வரை வண்டி, அங்கிருந்து பஸ். வண்டியில் வைக்கோல் பரப்பி அவளைக் கிடத்தி, ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டேன். இப்போது தொடுவதை யாரும் தடுக்கவில்லை. ஒரு மைல்கல்லைக் கண்டால் மாமியார் கேட்பாள்: "மிச்சமும் போயிருச்சுங்களா?" நான், இன்னும் இல்லை என்பேன். அவள் விம்முவாள். எனக்கு இருந்தது வேறு ஒரு கேள்வி: பன்னீர்க்குடம் உடைந்துவிட்டால்? பஸ்ஸில் எங்களைப் பார்த்ததும் இரண்டு வரிசை காலியாயிற்று. சேலம் வந்தபோது என் முழங்கைகள் மரத்துப் போயிருந்தன. குடம் உடைந்திருக்கவில்லை.

டாக்டரம்மா குழந்தையைத் திருப்பி எடுத்தார். பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள். வெளியே வந்து என் தோளில் தட்டி, இந்த ஜனங்களைச் சம்மதிக்க வைத்தது பெரிய காரியம், எப்படிச் செய்தாய் என்று இங்கிலீஷில் கேட்டார். பேசித்தான் செய்தேன் என்றேன். அவருக்கு மிகவும் திருப்தி.

வராந்தாவில் மாமியார் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். என் எதிரில் உட்கார்ந்து, குழந்தையை என் காலடியில் கிடத்தினாள்.

"இனிமே எங்க ஊட்டுப் புள்ளைங்க மேல வெக்காதீங்க, சாமி."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. உள்ளே அவள் மருமகள் காய்ச்சலோடு படுத்திருந்தாள். பல நாள் அங்கே இருந்தாக வேண்டும். நான் எதையும் வைக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை என்று சொன்னால், அது இன்னும் உள்ளேயே இருக்கிறது என்று மருமகளை இந்த நிமிஷமே தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

"வைக்க மாட்டேன்" என்றேன்.

அவளுக்கு அது போதவில்லை. சத்தியம் கேட்டாள். குனிந்து, குழந்தையின் தலையில் கை வைத்துச் செய்துகொடுத்தேன். தலை ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது. அந்த ஊர்க் குழந்தைகளில் நான் தொட்டது அது ஒன்றைத்தான்.